காஜா பெராங் கிணற்றில் அரை வாளி

காஜா பெராங்கில் எங்கள் கரி பஸ் நிற்கிறது. ஜப்பான்காரன் வந்த பின் பெட்ரோல் ஏது? பின்னால் கட்டிய இரும்பு உலையில் கரி எரித்துத்தான் வண்டி ஓடுகிறது. மகளுக்குக் காய்ச்சல், மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. இன்னொரு போத்தல் எடுத்திருக்க வேண்டும்.

சாலையோரக் கிணற்றில் டிரைவர் வாளியை விடுகிறார். அரை வாளி கலங்கல் வருகிறது. கிணற்றைச் சுற்றிப் புதிதாக வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள். நிழலே இல்லை.

“மழை இல்லம்மா. சாமி கோபம்,” என்கிறார் பஸ்ஸுக்குக் கரி மூட்டை தூக்கிவரும் ஆள்.

“இதுக்கு முன்னாடி மழை பொய்ச்சதே இல்லையா, அண்ணே? அப்பவும் இந்தக் கிணறு வத்துச்சா?”

“வத்தல. அப்போ மரம் இருந்துச்சு.”

“மரத்தை வெட்டுனதும் சாமியா?”

“நாங்கதான். கரி வேணுமில்ல? நீயும் இந்த பஸ்லதானே வந்த?”

எனக்குச் சுருக்கென்கிறது. நடந்து வந்திருக்கலாமோ? காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை மைல்? மழைக்கும் வறட்சிக்கும் காற்றும் கடலும் காரணம் என்று பள்ளியில் படித்தேன். கோடரியைப் பற்றி ஒரு டீச்சரும் சொல்லவில்லை.

டிரைவர் வாளியை எஞ்சினுக்குத் தூக்குகிறார். நான் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன்.

“எஞ்சின் கொதிக்குது, தங்கச்சி.”

“எம்புள்ளையும்தான் கொதிக்குது. அவளுக்கு எடுத்தது போக மிச்சத்தை ஊத்துங்க.”

முந்தானையில் வடிகட்டிய தண்ணீரைத் தகரக் குவளையில் பிடித்து, உலை மூடிமேல் காயவைக்கிறேன். கிணற்றுக்கு நிழல் தந்த மரம் அதற்கடியில் எரிகிறது.