முள்ளுக்கத்தரிக்குக் கட்டிய துணி

அந்த வருஷம் எங்கள் கத்தரித் தோட்டம் தூங்கியபடியே செத்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. புழு இல்லை, இலை பழுக்கவில்லை. கொள்ளிடக் கரையில் பனி விலகும்போது செடிகள் பச்சையாகவே தலை கவிழ்ந்து நின்றன. தண்ணீர் பாய்ச்சினோம், எழவில்லை. யாரோ தூங்கும் வீட்டுக்குள் நடப்பதுபோல என் பாதம் தானாக மெதுவானது. யுத்த காலம். அந்தக் காயை விட்டால் எங்களுக்குப் பிழைப்பில்லை.

கரையில் எல்லோருக்கும் ஒரே வழக்கம். தோட்டத்திலேயே அழகான ஒரு காயில் துணி கட்டுவார்கள். அது விதைக்கு. மறு வருஷம் தோட்டம் முழுக்க அதன் பிள்ளைகள். நிறம் மாறிய செடி, முள் வைத்த செடி கண்ணில் பட்டால் என் வீட்டுக்காரர் பிடுங்கி எறிவார். எங்கள் காயை வாங்கும் ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கு ஒரே ஊதா, ஒரே அளவு வேண்டும்.

வேலியோரம் போனேன். அங்கே யாரும் நடாத முள்ளுக்கத்தரி தானாக வளர்ந்திருந்தது. அதிலும் சில கவிழ்ந்திருந்தன. பக்கத்திலேயே சில நிமிர்ந்து நின்றன. அதே மண், அதே தண்ணீர். நடுவே, அவர் கைக்குத் தப்பிய கலப்புச் செடிகள். வேலிச் செடிக்கும் தோட்டத்துச் செடிக்கும் வண்டு உண்டாக்கிய பிள்ளைகள். வெள்ளைக் காய், பச்சைக் கோடு போட்ட காய், கோணல் காய். அவற்றில் பாதி உயிரோடு இருந்தன.

அவரோ தோட்டத்து நடுவில், வாடிய செடியில் துணி கட்டிக்கொண்டிருந்தார்.

"சாகுற செடிக்கா கட்டுறீங்க?"

"காயைப் பாரு, அச்சுல வார்த்த மாதிரி இருக்கு."

"பொணத்துக்குக்கூடத்தான் பூ வைக்கிறாங்க. அழகா இருக்குன்னு அதுகிட்ட விதை கேப்பீங்களா?"

நிமிர்ந்து நிற்கிற கலப்புச் செடியில் கட்டச் சொன்னேன். அந்த முள்ளுக் காயை ஸ்ரீரங்கத்தில் யார் தொடுவார்கள் என்று கேட்டார். யாரும் தொட வேண்டாம், முதலில் செடி நிற்கட்டும் என்றேன். துணியை அவிழ்த்து என்மேல் எறிந்துவிட்டுப் போனார்.

ஒரு துணி. ஒரு காயில் கட்டினால் மறுபடி ஒரே ரத்தம். ஒன்று படுத்தால் எல்லாம் படுக்கும். பழைய புடவையைக் கிழித்து, நின்ற ஒவ்வொரு கலப்புச் செடியிலும் கட்டினேன். கையெல்லாம் முள். பல நாள் அந்தத் துணிகள் ஆற்றுக் காற்றில் ஆடின. காய்கள் மஞ்சளாகப் பழுத்தன. அந்த மஞ்சள் இன்னும் என் கனவில் வருகிறது.

மறு வருஷம் செடிக்குச் செடி வேறு முகம். "ஏம்மா, இது கத்தரியா, கண்காட்சியா?" என்றார் காந்தி மார்க்கெட் வியாபாரி. விலையைக் குறைத்துத்தான் எடுத்தார். வாடல் மறுபடி வந்தது. சில விழுந்தன, மிச்சம் நின்றன. அடுப்பு எரிந்தது.

விதைக்குக் கட்டும் நாளில் என் வீட்டுக்காரர் என் புடவைப் பெட்டியைத் திறந்தார்.