பத்தொன்பது குறைகள்

ஒருவர் செய்த வேலையை உண்மையாகக் கவனித்துப் பார்ப்பவர் யார்? அதை விரும்புகிறவரா, அது தன்னுடையதாக இல்லையே என்று வெந்துகொண்டிருப்பவரா? மண்ணாடிப்பட்டுப் பக்கத்து ஊர்க் கல்பனாவின் கடைசிக் கல்லூரி வருடம் இந்தக் கேள்வியை எழுப்பியபடியே கழிந்தது.

பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு. டவுனில் விலைக்கு வாங்கிய புராஜெக்ட் எதையும் ஏற்கமாட்டேன், ஓர் உண்மையான இடத்துக்கு உதவுவதாகச் செய்யுங்கள் என்று துறைத் தலைவர் அரிகரன் சொல்லிவிட்டார். கல்பனா உடனே எழுந்து தன் ஊர்ப் பால் சொசைட்டியின் பெயரைச் சொன்னாள். யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று செயலாளர் நோட்டில் எழுதுவதைத் தொடுதிரை டேப்பில் பதியவைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து, தன் தலைப்பு சரிவராமல்போன ஸ்டெல்லாவும் அதே சொசைட்டியைக் கேட்டாள். அவள் வில்லியனூரில் மாதா கோயில் பக்கத்துப் பெண். மாட்டைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பாள் என்று கல்பனா வகுப்பில் சொல்லிச் சிரித்தாள். இருவரும் செய்யட்டும், எது சொசைட்டிக்குச் சரிவருகிறதோ அது அந்த மேசையில் இருக்கட்டும் என்றார் அரிகரன்.

அந்த மேசைதான் கல்பனாவுக்கு எல்லாமும். அவள் அம்மா தினமும் பால் ஊற்றும் இடம். அங்கே மகள் செய்த திரை இருக்க வேண்டும்.

பிறந்ததிலிருந்து தெரிந்த இடம் என்பதால் அவள் சொசைட்டிக்குப் போகவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். கடவுச்சொல் கேட்கும் முதல் திரை, தலையாட்டும் பசு, அகர வரிசையில் உறுப்பினர் பெயர்கள், ஏழு வண்ணம். பார்க்க நன்றாகவே இருந்தது. தெரிந்த இடத்தை நாம் பார்ப்பதில்லை, நினைவுதான் வைத்திருக்கிறோம்.

ஸ்டெல்லா முதல் பேருந்தைப் பிடித்து ஏழு காலைகள் வந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்த ஊரில் வரிசையில் நிற்பது ஆள் அல்ல, கேன். கேனை வைத்துவிட்டுப் பெண்கள் சாணம் அள்ளவோ பிள்ளையைக் கிளப்பவோ போய்விடுவார்கள். செயலாளர் நாகராஜன் கேனின் நசுங்கலையும் கைப்பிடியில் சுற்றிய துணியையும் பார்த்தே பெயர் எழுதுவார். ஸ்டெல்லா நாற்பத்திரண்டு கேன்களையும் படமெடுத்தாள். அவள் திரையில் வேறொன்றுமில்லை: சாம்பல் நிறத்தில் கேன் படங்கள், ஈரக்கையின் முட்டியால் தட்டினாலும் தவறாத அளவில். முதலில் காகிதத்தில் வரைந்து நாகராஜனைத் தொடச் சொன்னாளாம். அவர் விரல் தடுமாறிய இடத்தையெல்லாம் மாற்றினாளாம். அழகு என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேவையான அளவு இருந்தது.

இதெல்லாம் கல்பனாவுக்கு அம்மா வாயால்தான் தெரியவந்தது.

"ஈரக்கையோட தொட்டா வேல செய்யாதுன்னு நான்தான் அந்தப் பொண்ணுக்குச் சொன்னேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அது கேட்டுச்சி. நீ இன்னா கேட்ட? சோறு கேட்ட."

அன்று முதல் கல்பனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

எழுதிய நிரலைச் சக மாணவர்களிடம் கொடுத்துச் சோதிக்கவைக்க வேண்டும், தெரிந்த குறைகளை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் தாங்களே எழுத வேண்டும் என்பது அரிகரனின் விதி. ஸ்டெல்லாவின் தோழிகள் போனில் ஆளுக்கொரு கைதட்டும் பொம்மையை அனுப்பிவைத்தார்கள். கல்பனா "நல்லாருக்கு" என்று அனுப்பினாள். ஆனால் பத்து நாள் அவள் வேறெதையும் தொடவில்லை. ஒரே கேனை இரண்டு முறை தட்டினாள், லிட்டருக்குப் பதில் புள்ளி மட்டும் வைத்தாள், பதிவு நடுவில் டேப்பை அணைத்தாள். கண்ட குறையைத் தேதியோடு, எப்படி வரவழைப்பது என்பதோடு நோட்டில் குறித்தாள். பத்தொன்பது. அந்த வகுப்பில் ஒழுங்காக நடந்த ஒரே சோதனை அதுதான். செய்யவைத்தது பொறாமை.

நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது பெரியது: கேன் இரவல் போனால் பால் வேறொருத்தி பெயரில் ஏறிவிடும், திரை ஒரு வார்த்தை கேட்காது.

செவ்வாய்க்கிழமை காலை சொசைட்டியில் பதிந்து பார்க்கக் கல்பனாவின் முறை. அரிகரன் வந்து நின்றார். நாகராஜன் நான்கு பேருக்குப் பதிந்தார். ஐந்தாவதில் திரை மறுபடி கடவுச்சொல் கேட்டது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் கீது பாப்பா, மாடுகூட ஆடுது. ஆனா பாலு திரிஞ்சிடும்" என்று நோட்டை எடுத்துக்கொண்டார். வரிசை சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

மறுநாள் ஸ்டெல்லாவின் முறை. செவ்வாய் சாயங்காலமே கல்பனா தங்கள் நீல கேனை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டு லில்லியிடம் கொடுத்தாள். உங்க கேன் அடியில ஒழுவுதே அக்கா, காலையில இதுல ஊத்துங்க என்றாள். லில்லிக்கு மகிழ்ச்சி. அம்மாவுக்குப் பழைய எவர்சில்வர் தூக்கை எடுத்துவைத்தாள்.

புதன் காலை நீல கேன் வரிசையில் ஏழாவது. அரிகரன் இன்னும் வரவில்லை. ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து, முந்தைய நாட்களின் நிரல்களைத் தேதிவாரியாகத் தனித்தனியே வைத்திருந்ததில் கடைசியைத் திறந்து சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கல்பனா தூண் பக்கம் நின்றாள். அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. நின்றால் போதும். பத்து நாள் தான் தட்டித் தட்டிப் பார்த்த அதே கேன் படங்கள் ஸ்டெல்லாவின் கையில் தெரிந்தன.

அரிகரன் சார் வண்டியின் சத்தம் திருப்பத்தில் கேட்டது. கல்பனா நடந்துபோய் வரிசையிலிருந்து நீல கேனைத் தூக்கினாள். ஸ்டெல்லாவின் முன்னால் வைத்தாள்.

"எங்க கேனு. உள்ள இருக்கறது லில்லி அக்கா வூட்டுப் பாலு."

ஸ்டெல்லாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் திரையில் அந்த நீல கேனைத் தட்டினாள்; பால் கல்பனாவின் அம்மா கணக்கில் ஏறிவிட்டது. கல்பனா நோட்டையும் அவள் மடியில் போட்டாள்.

அரிகரன் வந்ததும் ஸ்டெல்லா அந்தக் குறையைத் தானே முதலில் காட்டினாள். கேனைத் தட்டியதும் பெயரைப் பெரிதாகக் காட்டிச் சரியா என்று கேட்கும் திரையைச் சேர்க்கப்போவதாகச் சொன்னாள். மேசையில் இன்று இருப்பது அவளுடையதுதான்.

அன்று பேருந்து நிறுத்தத்தில் ஸ்டெல்லா கேட்டாள்.

"பத்து நாளா தெரியுமில்ல உனக்கு. மாட்டிவுடத்தான வெச்சிருந்த? அப்புறம் ஏன்டி குடுத்த?"

கல்பனா சாலைப் பக்கம் கை காட்டினாள்.

"உன் பஸ்ஸு வருது பாரு" என்றாள்.