மடிப்புத் தையல்

யுத்தம் நடந்த வருஷங்களில் கல்கத்தாவிலிருந்து புதுச் சாக்கு வருவது நின்றுபோனது. அரியலூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் எனக்கு ஒரு சாக்குக் கொட்டகை இருந்தது. கடலை மில்லில் கழித்த கிழிசல் சாக்குகளை வாங்கி, வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்து விற்போம். நான், என் சம்சாரம், ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வரும் நாலு பெண்கள்.

எங்கள் தையலுக்குப் பெயர் இருந்தது. பழைய தையலைப் பிரிக்க மாட்டோம். அதன் மேலேயே மடித்து இன்னொரு தையல் போடுவோம். பார வண்டியிலிருந்து தள்ளினாலும் பிரியாது. எனக்கு அதில் கர்வம் உண்டு.

தை அறுப்பு முடிந்ததும் அந்தப் பெண்களின் ஊருக்கு, விதைச் சோளம் கட்டி வைக்க வீட்டுக்கு ஒரு சாக்கு சும்மா கொடுப்பேன். அவர்கள் கையால் பிழைக்கிறேன், அதனால் கொடுத்தேன்.

ஒரு ஆடியில் அந்த ஊர் அம்மாள் ஒருத்தி வந்தாள். புருஷன் இல்லாதவள். தானே நின்று வெள்ளாமை பார்ப்பவள். தலையில் இருந்த சாக்கை இறக்கிக் கொட்டகைத் தரையில் கொட்டினாள். சோளம் முழுக்க ஓட்டை. வண்டு ஊர்ந்தது.

"மத்தவங்க மாதிரி மண் குதுருலயே போட்டிருப்பேன். நீங்க குடுத்தீங்களேன்னு இதுல கட்டினேன். இப்ப எதை வெதைக்கிறது?"

"சாக்குல என்னம்மா இருக்கு? சோளத்துலயே வண்டு இருந்திருக்கும்" என்றேன்.

"என் கொழுந்தன் வூட்டுக் குதுர வந்து பாருங்க. ரெண்டும் ஒரே களத்துச் சோளம். அதுல ஒண்ணு கூட இல்ல."

அந்த வருஷம் அவள் வரதராஜன்பேட்டையில் அக்காளிடம் விதை வாங்கிப் பாதி நிலம்தான் விதைத்தாள். மீதி சும்மா கிடந்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டது.

விவசாய இலாகா ஐயா ஒருவர் சைக்கிளில் ஊர் ஊராக வருவார். அவரிடம் சொன்னேன்.

"சோதிச்சுப் பாத்துடலாம். ஆனா உங்க கொட்டகையில வேணாம். அந்தம்மா வீட்டுலயே வைப்போம்" என்றார்.

அவளிடம் போனோம். "மறுபடியும் என் சோளமா?" என்றாள்.

"உன் வெதய குதுருலயே போடும்மா. இதுக்குச் சோளம் நான் தரேன்."

"அப்ப வைங்க. வண்டுக்கிட்ட வாடகையா கேக்கப் போறேன்."

தை கழிந்ததும் ஆறு சாக்கு வைத்தோம். இரண்டு எங்கள் வழக்கப்படி. இரண்டு அதே தையல்தான், ஆனால் நன்றாக வெயிலில் காயப்போட்டவை. கடைசி இரண்டும் ஐயா சொன்னபடி. பழைய தையலைப் பிரித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, காயவைத்து, மடிக்காமல் ஒற்றைத் தையல் போட்டவை. தையல் வெளிப்பக்கம். பார்க்க அசிங்கமாக இருந்தது.

அவள் வாரம் ஒரு தரம் சாக்குக்குள் கைவிட்டுப் பார்த்து, வண்டு இருந்தால் கரியால் சுவரில் கோடு இழுத்தாள். எழுதத் தெரியாது. ஐயா வந்து கோடுகளைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார்.

ஆடியில் ஆறையும் கொட்டினோம். முதல் நாலிலும் வண்டு. கடைசி இரண்டும் சுத்தம். ஐயா காலியான என் சாக்கு ஒன்றை எடுத்துப் பிளேடால் மடிப்பைக் கிழித்தார். உள்ளே, பழைய தையலோடு தையலாக, வரிசையாக வண்டு.

அவள் குனிந்து பார்த்தாள். "நல்லா கெட்டியா தச்சு, வெயில் படாம வச்சிருக்கீங்கண்ணே."

தப்பு என்னுடையது. மில் சாக்கின் வண்டையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

மறுநாளே மடிப்பை நிறுத்தினேன். கொட்டகை வாசலில் வெந்நீர்க் கொப்பரை ஏற்றினோம்.

"பிரிச்சு வேவவச்சுத் தச்சா பாதி வேலதான் ஆவும்" என்றாள் என் சம்சாரம்.

"ஆவட்டும்."

ஐயா போகிற ஊரிலெல்லாம் சொன்னார். பெரம்பலூர்ப் பக்கமிருந்து கூட வண்டி கட்டி வந்து, விதைக்கு வெளித்தையல் சாக்கு கேட்டார்கள். இலாகாவுக்கு எழுதியபோது, சோதனை நடந்த இடம் என்று அவள் ஊரைப் போட்டார். சுவரில் கோடு இழுத்தது அவள். அதுதான் சரி.

அடுத்த தையில் அவள் வந்தாள். சாக்கை உள்வெளியாகத் திருப்பித் தையல் நெடுக நகத்தால் கீறிப் பார்த்தாள். அப்புறம் மடித்துக் கக்கத்தில் வைத்தாள்.

"இன்னொண்ணு குடுங்க. கொழுந்தனும் கேட்டான்."

கொடுத்தேன்.

ஆவணியில் அந்த வழியாகப் போனேன். வண்டியை நிறுத்தி இறங்கினேன். அவள் நிலத்தில் வரப்பிலிருந்து வரப்பு வரை சோளம் முளைத்திருந்தது.