சாவு வீட்டுக் கரும்பு

போன வாரம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. மேடையில் நடு நாற்காலி என் பெரியப்பா மகனுக்கு. உறவு முறைக்கு எனக்கு அண்ணன். நாலு பேர் கேட்கும் இடத்தில் அப்படியே கூப்பிடுகிறேன். வீட்டுக்குள் எப்படிக் குறிப்பிடுகிறேன் என்பதை எழுத முடியாது. பாதி எங்கள் தீவுப் பேச்சான கிரியோலிலும் பாதி தமிழிலும் பிள்ளைகளுக்கு உபதேசம் நடந்தது. நாளைக்கு ஊரை நடத்தப்போகிறவர்கள் நீங்கள்தான், படிப்பும் ஒழுக்கமும் நியாயமும் இருந்தால் போதும் என்றார். கடைசியில், "வெளங்கினவங்க கை தூக்குங்க" என்றார். தூக்கினார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் தலையைக் குனிந்து பாவாடை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது, மேடையில் இருந்தவருக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது, சந்தோஷம் என்று சொல்லி உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தோம். அவர் எனக்குச் சில வகுப்புகள் மேலே. வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுவார். பக்கத்துப் பையனுக்கு விடை தெரியாமல் பிரம்படி விழுந்தால், அழுகிற அவனைத் தாண்டிக் கை இன்னும் மேலே போகும். வாத்தியாருக்குப் பெருமை தாங்காது. இவன் ஒருநாள் ஊரையே ஆளுவான் என்பார். ஒருவன் முகத்தைப் பார்த்து அவன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியுமா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்தப் பாடத்துக்கு மார்க் கிடையாது. அப்புறம் கியூர்பிப் பட்டணத்துக்குப் பெரிய படிப்புக்கு அனுப்பினார்கள். கழுத்தில் டையும் வாயில் பிரெஞ்சுமாகத் திரும்பி வந்தார்.

எங்கள் ஊரில் எல்லோரும் துண்டு நிலக்காரர்கள். தாத்தாக்கள் கூலியாகக் கப்பலேறி வந்தவர்கள். அப்பாக்கள் முதுகு ஒடிந்து, எஸ்டேட்டுக்கு வேண்டாத கல்காட்டை வாங்கி, கல்லைப் பொறுக்கிக் குவித்துவிட்டுக் கரும்பு நட்டவர்கள். அறுத்த கரும்பை மாட்டு வண்டியில் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆலைக்காரர்கள் எங்கள் கரும்புக்கு ஒதுக்குவது கொஞ்ச நாட்கள். அதற்குள் போய்ச் சேராத கரும்பு நிலத்தில் நின்று பூத்துச் சக்கையாகிவிடும். ஒரு வருஷக் கரும்பு தவறிப்போனால் அந்த வீட்டுக்காரன் மறுபடி எஸ்டேட் கூலிதான். அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

அறுப்புக்குக் கூலி கொடுக்க யாரிடமும் வசதியில்லை. இன்று உன் நிலம், நாளை என் நிலம் என்று ஊர் சேர்ந்து அறுக்கும். அதில் எழுதாத ஒரு வழக்கம் இருந்தது. அறுப்புக் காலத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் விடியற்காலை ஊர் முழுக்க அந்த வீட்டு வாசலில் அரிவாளோடு நிற்கும். அவர்களுடைய கரும்புதான் முதலில். அந்த வீட்டார் போய்க் கேட்கக் கூடாது. கருமாதி வரைக்கும் படி தாண்டாத பெரியவர்கள் எங்கே போய்க் கேட்பார்கள்? வருகிறவர்களும் வந்திருக்கிறோம் என்று சொல்ல மாட்டார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, கஞ்சி அக்கம்பக்கத்திலிருந்துதான் வரும். ஆனால் அறுக்க வருகிறவர்களுக்குத் தேநீர் வைக்க அன்று ஒருநாள் அடுப்பு மூட்டலாம்.

படித்தவர் வந்துவிட்டார் என்று ஊர் அவரைத் தலைவராக்கியது. ஆலையில் துரையிடம் பிரெஞ்சில் பேச ஆள் கிடைத்ததில் எல்லோருக்கும் நிம்மதி. இல்லாததைச் சொல்லக் கூடாது: பேசினார், எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நாட்களும் வாங்கித் தந்தார். அதோடு விட்டிருக்கலாம்.

அந்த வருஷம் அறுப்பு தொடங்கும் சமயத்தில் என் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுநாள் கோவில் முற்றத்தில் கூட்டம். நான் குழாயடிக்குத் தண்ணீருக்குப் போனவள் மதிலோரம் நின்று கேட்டேன். இனிமேல் ஆளைப் பார்த்து அறுக்கக் கூடாது, கரும்பைப் பார்த்துத்தான் அறுக்க வேண்டும் என்றார் அண்ணன். நன்றாக முற்றியது முதலில், முற்றாதது கடைசியில். எல்லோருக்கும் ஒரே நியாயம். அவரே எல்லா நிலங்களையும் சுற்றி வந்து கரும்பை ஒடித்துப் பார்த்திருந்தார். எங்களுடையது மலையோரம், தாமதமாக முற்றும். அதனால் கடைசிக்குப் போனது. அவருடைய அப்பாவின் நிலமும் எங்களுக்கு முந்தின இடத்தில், கடைசிப் பக்கம்தான். திருடன் இல்லை அவர். திருடனாக இருந்தால் வைதாவது ஆறியிருப்பேன்.

"யாருக்காச்சும் மறுப்பு இருந்தா கை தூக்குங்க" என்றார்.

ஒருவரும் தூக்கவில்லை. எப்படித் தூக்குவார்கள்? படித்தவன் முன்னால் ஊரறியக் கையைத் தூக்கி எதிர்த்துப் பேசுவது எங்கள் ஆட்களுக்கு வராது. எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். வண்டிக்காரக் கிழவர் இருமினார், எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறினார். எனக்கே புரிந்தது. கண்ணிருக்கிற எவனுக்கும் புரியும். அண்ணனோ கைகளை மட்டும் தேடினார். கை இல்லையென்றதும், "சரி, எல்லாருக்கும் சம்மதம்" என்று முடித்தார்.

"வி, மிசியே" என்று யாரோ ஆமாம் போட்டார்கள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பவில்லை. "அவன் சின்னப் பையன், ஏதோ சொல்லுவான். ஊரு வரும்" என்றாள். மூன்றாம் நாள் இருட்டிலேயே எழுந்து, திருவிழாவுக்கு எடுக்கிற பெரிய பானையை இறக்கி, அடுப்பு மூட்டித் தேநீர் வைத்தாள். வீட்டில் இருந்த சர்க்கரை முழுவதையும் அதில் கொட்டினாள். தகரக் குவளைகளைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்தாள். பிறகு தாலியில்லாத கழுத்தைச் சேலையால் மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

விடிந்தது. யாரும் வரவில்லை. தூரத்தில், கடைக்காரர் நிலத்துப் பக்கம், கரும்பு வெட்டும் சத்தம் கேட்டது. எங்கள் வாசல் வழியாகப் போகக் கூசி ஊரே ஆற்றோரமாகச் சுற்றிப் போயிருந்தது. வெயில் ஏறியதும் அம்மா எழுந்து, ஆறிப்போன தேநீரை வாழையடியில் கொட்டினாள். அப்பா செத்த அன்று அழுதவள் அப்போது அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அன்று சாயந்திரம் அண்ணன் துக்கம் விசாரிக்க வந்தார். "சின்னம்மா, நம்ம நிலம் கடைசியில வருது. நியாயம் பாத்துத்தான் வச்சிருக்கேன். ஒருத்தரும் மறுப்புச் சொல்லல" என்றார்.

"சரி தம்பி" என்றாள் அம்மா.

அந்தச் சரியைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். ஒரு வீடு இடிந்து விழுகிற சத்தம் அந்தச் சொல்லில் இருந்தது. அவர் காதில் சம்மதமாக விழுந்தது. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு, காரியம் முடிந்த திருப்தியோடு எழுந்து போனார்.

எங்கள் முறை வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வண்டி சேற்றில் இறங்கவில்லை, ஆலையும் மூடிவிட்டது. பெரியப்பா கரும்போடு கடைசி வண்டி போனதாகச் சொன்னார்கள். எங்கள் கரும்பு நின்று பூத்தது. தை பிறந்ததும் அம்மா எஸ்டேட்டுக்குக் களை பிடுங்கப் போனாள். கூடவே நானும். வகுப்பில் பெண்களில் முதலாவதாக இருந்தவள் நான். படிப்பை நிறுத்தி, பள்ளிக்கூடத்து எழுதுபலகையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்றார் வாத்தியார். இன்று இதை எழுதுகிற தமிழ்கூடப் பிற்பாடு கோவில் வகுப்பில் கற்றுக்கொண்டதுதான்.

அடுத்த அறுப்புக் காலத்தில் பெரியப்பா இறந்தார். பெரியம்மா முன்பே போய்விட்டதால் அந்த வீட்டில் அண்ணன் தனியாக இருந்தார். அந்த வருஷமும் அவர் வைத்ததுதான் முறை. அவருடைய நிலம் அந்த வருஷமும் கடைசிப் பக்கம்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் இருட்டில் அம்மா என்னை எழுப்பினாள். அதே பெரிய பானை அடுப்பில் இருந்தது.

"அங்க எதுக்கும்மா? நமக்கு என்ன செஞ்சாரு?" என்றேன்.

"செத்தது அவனில்ல, உங்க பெரியப்பா. பானையப் பிடி" என்றாள்.

நாங்கள் போனபோது வாசலில் ஊர் முழுக்க அரிவாளோடு நின்றது. ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வந்தவர்கள் இல்லை. போன வருஷம் ஆற்றோரம் சுற்றிப் போன வெட்கம் ஒவ்வொருவரையும் இழுத்து வந்திருக்க வேண்டும். எங்களைப் பார்த்ததும் வழி விட்டார்கள்; வண்டிக்காரக் கிழவர் அம்மா முகத்தைப் பார்க்காமல் பானையை வாங்கிக் கீழே வைத்தார். உள்ளே அடுப்பு சாம்பலாகக் கிடந்தது.

சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தார். அழுது வீங்கிய முகம். கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "இன்னைக்கு நம்ம நிலத்து முறை இல்லையே?"

எல்லோரும் போன வருஷத்தைப் போலவே தலையைக் குனிந்தார்கள். இந்தத் தடவை அவர் பார்த்தார். குனிந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அரிவாள்களைப் பார்த்து, கடைசியில் பானையிடம் வந்து நின்றார்.

"சின்னம்மா, இது…"

"அன்னிக்கும் இதே பானைதான் தம்பி" என்றாள் அம்மா. குரலில் கோபம் துளிகூட இல்லை.

அவர் வாசல் கல்குவியலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்ததாக எழுதினால் பொய். இத்தனை வருஷம் படித்தவருக்கு, தன் வீட்டில் சாவு விழுந்த பிறகுதான் ஒரு குனிந்த தலை கண்ணில் படுகிறதென்றால் அந்தப் படிப்பை வைத்து யாருக்கு என்ன லாபம்? அதுவும் அன்று ஒருநாள் தெரிந்தது, பிறகு மறந்துபோனது. அதற்குத்தான் போன வார மேடை சாட்சி.

நான் குவளைகளில் ஊற்றி ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தேன். வண்டிக்காரருக்கு, கடைக்காரருக்கு, எல்லோருக்கும். கடைசியில் அண்ணன் கையை நீட்டினார். அவர் கையை அவ்வளவு தாழ்வாக நான் பார்த்ததே இல்லை.

"தீந்துபோச்சு" என்றேன்.

பானையில் பாதி இருந்தது. அம்மா பார்த்தாள்.