தங்கையிடம் இருக்கும் குரல்

அம்மா இறந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் குடும்பத்தின் கைப்பேசிக் குழுவில் அவருடைய குரல் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் அப்போது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டேன்.

"நெத்திலிய கழுவாம போட்டுடாத. மண்ணு இருக்கும். பிளாச்சான் வறுக்கும்போது ஜன்னல தொறந்து வை, இல்லன்னா பக்கத்து வீட்டு ஆன்டி இரும ஆரம்பிச்சிடும்."

நெத்திலிச் சம்பலுக்கு இறால் விழுது வறுப்பது பற்றி நாற்பது விநாடி. நடுவில் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டும் ஓசை. அனுப்பியவள் என் தங்கை. கீழே எழுதியிருந்தாள்: "இனிமே ஒவ்வொரு சண்டேயும் அம்மா பேசும்."

முதலில் அழுதேன். அழுகை அடங்குவதற்கு முன்பே ஒரு கேள்வி எழுந்தது: இது ஏன் அவளிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை?

விடை எனக்குத் தெரியும். தங்கை சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். உள்ளே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் பூட்டிவைக்க வேண்டும். அதனால் அம்மா கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டில் சமைத்துக்கொண்டே பேசிப் பதிவுசெய்து அனுப்புவார். இடைவேளையில் அவள் கேட்பாள். தொடக்கத்தில் எனக்கும் அப்படி அனுப்பினார். நான் வேலை செய்வது, பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு மனு எழுதிக்கொடுக்கும் ஒரு சிறிய அமைப்பில். என் மேசைக்கு எதிரில் எப்போதும் யாராவது அமர்ந்திருப்பார்கள். "இதெல்லாம் ஆபீஸ்ல கேக்க முடியாதும்மா. நானே ஆறு மணிக்குக் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னபடியே நாள்தோறும் ஆறு மணிக்கு, கிள்ளான் வீட்டின் பழைய தொலைபேசிக்கு அழைத்தேன். கைப்பேசியைவிட அதில்தான் அம்மாவுக்கு நன்றாகக் கேட்கும். ஏழு ஆண்டுகள் பேசினோம். ஒரு சொல்கூட எங்கும் பதிவாகவில்லை. முறை தவறாமல் செய்தவள் நான். மிச்சம் கிடைத்தது அவளுக்கு.

குரல் வாரந்தோறும் வந்தது. ரசத்துக்கு எப்போது அடுப்பை அணைக்க வேண்டும் என்று ஒரு வாரம், எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்ட கதை ஒரு வாரம். உறவினர்கள் சனிக்கிழமையே காத்திருக்கத் தொடங்கினார்கள். "ஒங்கம்மா எங்கூட குசினியில நின்னு சமைக்கிற மாதிரியே இருக்கு லா" என்று சின்னம்மா தங்கைக்கு எழுதினார்.

எனக்கும் திட்டங்கள் இருந்தன. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் ஒரு டியூஷன் வகுப்பில் அம்மாவின் பெயரில் புத்தக அலமாரி வைத்தேன். எந்தப் புத்தகம் எந்த வயதுக்குப் பயன்படும் என்று மூன்று வாரம் யோசித்து வாங்கினேன். அதன் படத்தைக் குழுவில் போட்டபோது இரண்டு கட்டைவிரல்கள் வந்தன. அடுத்த நாள் அம்மாவின் பூனைக் கதைக்குப் பதினேழு இதயங்கள். எண்ணினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த வாரம்தான் குழுவில் இப்படி எழுதினேன்: "இறந்தவரின் தனிப்பட்ட பேச்சை, அவருடைய சம்மதம் இல்லாமல் பகிர்வது சரிதானா என்று நாம் யோசிக்க வேண்டும்."

ஒரு மணி நேரம் கழித்துத் தங்கை பதில் போட்டாள்: "சரிக்கா. யோசி."

என் வேலையில் சம்மதம் என்பது உண்மையாகவே பெரிய விஷயம். ஒருவருடைய கதையை அவரைக் கேட்காமல் வெளியே சொல்வதால் என்ன கேடு வரும் என்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று நான் அம்மாவின் நலனை நினைக்கவில்லை. அந்தக் குரல் எனக்கு வந்திருந்தால், முதல் வாரமே நானும் குழுவில் போட்டிருப்பேன்.

ஆண்டுத் திதிக்கு முந்தைய நாள் கிள்ளானுக்குப் போனேன். திதிக்கு வருபவர்களுக்கு இறந்தவர் பெயர் பொறித்த எவர்சில்வர் தம்ளர் கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். தங்கை அதை மாற்றியிருந்தாள். அம்மாவின் முறையில் நெத்திலிச் சம்பல் செய்து சிறு போத்தல்களில் நிரப்பியிருந்தாள். ஒவ்வொரு மூடியிலும் ஒரு சதுரக் குறியீடு ஒட்டப்போகிறாள். கைப்பேசியை அதன்முன் காட்டினால் அம்மா பேசுவார்.

காஜாங்கிலிருந்து வந்திருந்த மாமா ஒரு போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இத ஸ்கேன் பண்ணா என் அக்கவுண்ட்லேர்ந்து காசு போயிடுமா?"

"போகாது மாமா. அம்மா நாலு திட்டு திட்டும், அவ்வளவுதான்."

"அது உயிரோட இருக்கும்போதே வாங்கியாச்சு" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை?

தங்கை தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். "மூடிக்கு எதப் போடலாம்னு நீ சொல்லுக்கா. படிச்சவ நீதான."

குத்தலா, மரியாதையா என்று தெரியவில்லை. கூடத்தில் உட்கார்ந்து அம்மா அனுப்பிய மூலப் பதிவுகளைத் திறந்தேன். முதலில் நெத்திலி. குழுவில் நாற்பது விநாடியாக இருந்தது இங்கே நாற்பத்தாறாக இருந்தது. பக்கத்து வீட்டு ஆன்டி இருமுவதைச் சொல்லி முடித்ததும், வீட்டுத் தொலைபேசியின் மணி. பிறகு அம்மா: "ஆங், ஒங்கக்கா வந்துட்டா. மணி ஆறு. வச்சிடுறேன்."

அடுத்ததைத் திறந்தேன். பூனைக் கதையின் பாதியில் மணி. "இரு இரு, ஒங்கக்கா. மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்." அதற்கடுத்ததிலும் மணி. செருப்பு தேயும் சத்தம். அம்மா ஓடுகிறார். என்னிடம் ஓடுகிறார். குழுவுக்கு வந்த ஒன்றில்கூட இது இல்லை.

சமையலறைக்குப் போனேன். தங்கை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இதையெல்லாம் ஏன் வெட்டின?"

"எத?"

"போன் மணிய. அம்மா என்னைச் சொல்றத."

கத்தியைக் கீழே வைத்தாள். "மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்னு சொல்லும். நாளைக்கு வேற கதை வரும். அந்த மிச்சம் எனக்கு வந்ததே இல்லக்கா. லாக்கர் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன், டக்குனு ஒன் மணி அடிக்கும். ஒனக்கு அரை மணி நேரம், எனக்கு நாப்பது செக்கண்டு. அம்மா போன பெறகும் ஒன் மணிய நான் கேக்கணுமா?"

அவள் மறுபடியும் கத்தியை எடுத்தாள். "எது வேணுமோ போடு. ஒனக்கும் அம்மாதான்."

வெட்டாததைப் போட்டால் நாளை வருபவர் ஒவ்வொருவரும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அம்மா ஓடியது என்னிடம்தான் என்பதைக் கேட்பார்கள். ஓராண்டாக நான் வேண்டியது அதுதான். ஆனால் இதே வீட்டில் இவளும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும், தான் செய்த சம்பலைக் கையில் வைத்துக்கொண்டு. கடைசியில் வெட்டிய நெத்திலிப் பதிவையே கொடுத்தேன். பெருந்தன்மையால் அல்ல, அவள் முகத்தை அப்போது பார்க்க என்னால் முடியாது என்பதால்.

"வெட்டின வால்கள மட்டும் எனக்கு அனுப்பிடு" என்றேன்.

திதி முடிந்து கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு ரயிலேறினேன். அவள் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தாள், ஐந்தாறு விநாடித் துண்டுகளாக. காதில் ஒலிகேட்கும் கருவியைச் செருகிக்கொண்டேன். மணி அடித்தது, அது நான். "ஒங்கக்கா வந்துட்டா." இரண்டாவது. "அவ கரெக்டா கூப்பிடுவா பாரு." பெட்டியில் யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல் சிரித்தேன்.

மூன்றாவதைக் கேட்கும்போதுதான் உறைத்தது. என்னைப் பற்றிய இந்த மகிழ்ச்சியையும் அம்மா அவளிடம்தான் சொல்லியிருக்கிறார். ஏழு ஆண்டுகளில் ஒரு மாலையாவது, நீ கூப்பிட்டது சந்தோஷம் என்று என்னிடம் சொன்னாரா? நினைவுக்கு வரவில்லை. சொல்லியிருந்தாலும் அது எங்கும் இல்லை.

கருவியைக் காதிலிருந்து எடுத்தேன். ஷா ஆலம் நிலையம் தாண்டியதும் மறுபடியும் செருகிக்கொண்டு, நான்காவதைக் கேட்டேன்.