ப்ராம் படம் எடுக்கப் போன நெடுஞ்செழியன்

மான்மவுத் ஜங்ஷன் தமிழ் வீடுகளில் எந்த விசேஷம் என்றாலும் படம் எடுக்க நெடுஞ்செழியனைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல கேமரா வைத்திருக்கிறார் என்பது ஒரு காரணம். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுஷன் என்பதுதான் முக்கியமான காரணம். நாமக்கல்லிலிருந்து பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எச்-ஒன்-பி என்கிற வேலை விசாவில் அமெரிக்கா வந்தவர். வளைகாப்பு, பிறந்தநாள், அரங்கேற்றம் என்று ஓசியில் எடுத்துக் கொடுத்தே ஊரெல்லாம் நல்ல பெயர் வாங்கிவிட்டார். அடுத்தவருக்கு எதையும் செய்வார். தனக்கென்று ஒன்றைக் கேட்கச் சொன்னால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும்.

அப்படிப்பட்டவருக்கு வேலை போய் நாற்பத்து நான்கு நாள் ஆகியிருந்தது. இந்த விசாக்காரர்களுக்கு வேலை போனால் கெடு அறுபது நாள். அதற்குள் வேறு கம்பெனி விசா பேப்பர் போடாவிட்டால் குடும்பத்தோடு பெட்டி கட்ட வேண்டியதுதான். விஷயம் மனைவி சாந்திக்கு மட்டும் தெரியும். பதினோராவது படிக்கும் மகள் ரோஷினிக்குத் தெரியாது. இரண்டு வயதில் இங்கே வந்த பிள்ளை. அவளுக்கு நாமக்கல் என்பது வீடியோ காலில் வருகிற ஊர். "ப்ராம் முடியட்டுங்க, அப்புறம் சொல்லிக்கலாம்" என்று சாந்தி சொல்லிவிட்டாள். ஆகவே தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். மீட்டிங்கும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. மகள் வந்து கதவைத் தட்டினால், "கால்ல இருக்கேன் கண்ணு" என்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ராம், பள்ளிக்கூடம் நடத்துகிற நடன விருந்து. நடனத்துக்குப் போகிற பிள்ளைகள் பார்க்கில் கூடிப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். செழியன் அங்கிள் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவானேன்? பதினேழு பிள்ளைகள். பையன்கள் வாடகைக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் வாத்து எச்சத்துக்குப் பயந்து கவுனைத் தூக்கிப் பிடித்தபடி குளத்தோரப் படிக்கட்டுக்கு நடந்தார்கள். ரோஷினி கரும்பச்சை கவுனில் நின்றாள்.

"அடுத்த வருஷம் சீனியர் ப்ராமுக்கும் நீங்கதான் அங்கிள்! இப்பவே புக் பண்ணிட்டோம்" என்று ஒரு பெண் கத்தினாள்.

"அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்றார். வேறென்ன சொல்வார் பாவம்?

பிள்ளைகள் இடம் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் சேனாபதி அவர் பக்கத்தில் வந்தார். ஈரோட்டுக்காரர், ஒரு பெரிய கம்பெனியில் டைரக்டர். அவர் மகள் வெண்பாவும் படியில் நின்றாள்.

"செழியன், ஒரு உதவி வேணுமுங்க. நம்ம டீம்ல டேட்டாபேஸுக்கு ஒரு ஆளு வேணும். விசா பேப்பரெல்லாம் நாங்களே போட்டுக்குவோம். நாளைக்கு நான் ஊருக்குக் கெளம்பறேன். இன்னைக்கே பேரு குடுத்தாகோணும். தெரிஞ்ச நல்ல ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

இருபது வருஷமாக டேட்டாபேஸ் தவிர வேறெதையும் தொடாத மனுஷன் இவர். சாமியே படியிறங்கி வந்து கேட்ட மாதிரி கேட்கிறார். வாயைத் திறந்து நான்தான் என்று சொல்ல வேண்டியதுதானே?

"யாராச்சும் இருந்தாச் சொல்றேனுங்கண்ணா" என்றார் செழியன்.

"உங்க வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"செம பிஸிங்கண்ணா."

சொன்னது அவரில்லை, பதினைந்து வருஷப் பழக்கம். பார்க்கிற ஒவ்வொருவரிடமும் பிஸி, சூப்பர், நல்லாப் போகுது என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய் அது. பெண்களின் கைப்பைகளைச் சுமந்துகொண்டு நின்ற சாந்தியின் காதில் அது விழுந்தது. அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது.

அதற்குள் வெங்கடகிருஷ்ணன் மூக்கை நுழைத்தார். இன்னொரு பிள்ளையின் அப்பா. "சார், என் மச்சினன் டல்லாஸ்ல இருக்கான். இதே வேலைதான். நம்பர் தரட்டுமா?"

"குடுங்க, கார்ல போறப்பவே பேசி முடிச்சுடறேன்" என்றார் சேனாபதி. இருவரும் கார் நிறுத்துமிடத்தை நோக்கி நடந்தார்கள்.

"அப்பா, ரெடி! சீக்கிரம், லைட் போயிடும்!" என்று ரோஷினி இங்கிலீஷில் கூப்பிட்டாள்.

கேமராவைக் கண்ணில் வைத்தார். பதினேழு சிரிப்பு. அப்புறம் போன் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாற்பத்து நான்கு நாளாக இதைத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்றும் நினைத்தார். முன்னால் மகள், பின்னால் போய்க்கொண்டிருக்கிற வேலை. ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் பிள்ளைகள் படத்துக்குக் காத்து நிற்கிறார்கள். இங்கிருந்து சொன்னால் ஊரே கேட்கும். கைவிரல் பட்டனில் அப்படியே நின்றது. கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணா!"

தன் குரல் இவ்வளவு பெரிது என்று அவருக்கே தெரியாது. சேனாபதி கதவைப் பிடித்தபடி திரும்பினார்.

"அந்த ஆளு நான்தானுங்கண்ணா! எனக்கு வேலை போயிருச்சு!"

வெங்கடகிருஷ்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். சேனாபதி திறந்த கார்க் கதவைச் சாத்தினார். அப்புறம், "ராத்திரிக்குள்ள ரெஸ்யூம் அனுப்புங்க, பார்க்கலாம்" என்றார். குரலில் பழைய ஒட்டுதல் கொஞ்சம் குறைந்திருந்தது. வெங்கடகிருஷ்ணன் மச்சினன் நம்பரையும் சொல்லிவிட்டார்.

செழியன் திரும்பினார். தமிழ் தெரியாத பிள்ளைகள் இன்னும் கேமராவுக்காகச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். தெரிந்த நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரோஷினி குனியவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்கவில்லை. வேலை போனால் அறுபது நாள் கெடு என்பதை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில்கூட இங்கிலீஷில்தான் பதில் சொல்கிற பெண், அத்தனை பேருக்கு நடுவில் தமிழில் கேட்டாள்.

"எத்தனை நாள் இருக்குப்பா?"

"பதினாறு, கண்ணு" என்றார்.