பதினெட்டைப் பார்த்தால் பதினேழு

இன்று சிவகாசி பஸ்ஸில் செல்வராஜ் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஏலே, ஒன் துப்பாக்கி கோணல்தான்னு இப்பவாச்சும் ஒத்துக்கோ" என்றார்.

அறுபதுகளின் கதை இது. ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தோம். பொங்கல் லீவில் ஏர்கன் போட்டி நடக்கும். அச்சில் வீணான மாதக் காலண்டர் தாள்தான் குறி. சொல்கிற தேதியைச் சுட வேண்டும். ஜெயித்தவருக்குச் சேவல்.

அண்ணாச்சியின் பழைய துப்பாக்கியில் குண்டு ஒரு கட்டம் இடது பக்கம் தள்ளி விழும். அவர் பதினெட்டைக் குறிவைத்துப் பதினேழை அடிப்பார். வருஷா வருஷம் அவர் வீட்டில்தான் சேவல் குழம்பு.

ஒரு வருஷம் நான் புதுத் துப்பாக்கியோடு போனேன்.

"துப்பாக்கில என்னலே இருக்கு? எல்லாம் கைதான். மாத்திச் சுடுவமா?" என்றார்.

மாற்றிக்கொண்டோம். பதினேழு என்று சொன்னார்கள்.

புதுத் துப்பாக்கியால் அண்ணாச்சி பதினெட்டைச் சுட்டார். பழையதை வைத்துக்கொண்டு நான் பதினாறைச் சுட்டேன். சேவல் பிழைத்தது.

அன்றிலிருந்து என் துப்பாக்கி கோணல் என்றுதான் ஊரெல்லாம் சொல்லி வருகிறார். இன்று கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, நீங்க பதினெட்டைத்தானே பாத்தீக?"

"ஆமாலே. அங்கன பாத்தாத்தானே பதினேழுல விழும்?"

விருதுநகரில் இறங்கிவிட்டேன். நேரான துப்பாக்கி வைத்திருந்ததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.